இப்படிக்கு வீட்டுக்காரர்

லாகோஸில் விற்பனைக்கு இருக்கும் வீட்டில் பலகை எதுவும் இருக்காது. விற்பனைக்கு இல்லாத வீட்டில்தான் எழுதியிருக்கும். ‘இந்த வீடு விற்பனைக்கு அல்ல. மோசடிப் பேர்வழிகள் ஜாக்கிரதை. இப்படிக்கு’ என்று மதில் சுவரில் சிவப்பு பெயிண்டில் எழுதி, கீழே வீட்டுக்காரர் பெயரைப் போட்டிருக்கும். எழுதாமல் விட்டால், நீங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் உங்களுக்குத் தெரியாத ஒருவன் உங்கள் வீட்டை உங்களுக்குத் தெரியாத இன்னொருவனுக்கு விற்றிருப்பான். வாங்கியவன் சமையலறையில் டைல்ஸ் ஒட்ட ஆரம்பித்திருப்பான்.

அந்த வாசகத்தை எழுதுவதுதான் என் தொழில். என் பெயர் இபிசோ, வயது இருபத்தேழு. ஆறு வருடத்தில் நானூறு வீடுகளையாவது விற்கப்படாமல் காப்பாற்றியிருப்பேன். நான் படுத்துக்கொண்டது மட்டும் என் பெரியம்மா மகன் டோன்யேயின் வீட்டுக் கூடத்தில், டிவிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே போட்ட ஒரு மெத்தையில். ஃப்ரிட்ஜ் உறுமும்போது என் பல் லேசாக ஆடும். வாடகை கொடுத்துப் போகலாமே என்றால், இந்த ஊரில் வாடகையை மாதாமாதம் வாங்க மாட்டார்கள். ஒரு வருடத்துக்குரியதை மொத்தமாக முன்னாலேயே வைக்க வேண்டும். அதைச் சேர்க்க எனக்கு ஆறு வருடம் ஆனது.

சேர்ந்த நேரத்தில் அண்ணி பிள்ளை பெற்றாள். பிள்ளையைக் குளிப்பாட்ட அவள் அம்மா வாரி நகரிலிருந்து வருவதாகவும், மூன்று மாதம் தங்குவதாகவும் ஏற்பாடு. டோன்யே நல்லவன், நேராக எதையும் சொல்ல மாட்டான்.

“மெத்தை கொஞ்சம் பழசாயிடுச்சுல்ல, இபி?” என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் நான் கிளம்ப வேண்டும். இருபத்தெட்டு நாள் இருந்தது.

தரகர் கசாலியைப் பிடித்தேன். அவரிடம் மூன்று போன் இருந்தன, மூன்றிலும் ஒரே நேரத்தில் பொய் சொல்லக்கூடியவர். வீட்டைப் பார்ப்பதற்கே ஐயாயிரம் நைரா பார்வைக் கட்டணம். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்வதற்குத் தனியாகக் காசு கிடையாது என்றார், ஏதோ சலுகை கொடுப்பவர் போல. நான்கு இடம் காட்டினார். ஒன்றில் ஏற்கெனவே ஆள் குடியிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து, இந்த வாரத்தில் நீங்கள் ஆறாவது கூட்டம் என்றார்.

ஐந்தாவதாகக் காட்டியது ஒபன்லா தெரு ஏழாம் எண். முன்வீடு பூட்டிக் கிடந்தது. பின்கட்டில், அந்தக் காலத்தில் வேலைக்காரர்களுக்கென்று கட்டிய ஒற்றை அறை. தண்ணீர் வரும் குழாய், பப்பாளி மரத்தைப் பார்த்த ஜன்னல். கழிப்பறைக் கதவு மட்டும் பாதி திறந்து, பீங்கானில் முட்டி நின்றுவிட்டது. பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். அதெல்லாம் என் கண்ணில் படவில்லை. அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. நான் போட்டுக்கொள்ள, எனக்கென்று ஒரு தாழ்ப்பாள். இரண்டு முறை போட்டுத் திறந்து பார்த்தேன். கசாலி அதைக் கவனித்து உடனே வாடகையில் ஐம்பதாயிரம் ஏற்றினார்.

வருட வாடகை ஆறு லட்சம். தரகுக்கு அறுபதாயிரம், ஒப்பந்தத்துக்கு அறுபதாயிரம், அது போக ‘எச்சரிக்கைப் பணம்’ என்று இன்னொரு அறுபதாயிரம். கடைசியாகச் சொன்னது எதற்கு என்று கேட்டேன்.

“நீ எச்சரிக்கையா இருக்கறதுக்குத்தான், தங்கச்சி.”

வீட்டுக்காரர் யார் என்றும் கேட்டேன். வெளியூர், வக்கீல்தான் எல்லாம் பார்க்கிறார் என்று ஒரு எண்ணைக் கொடுத்தார். நான் கூப்பிட்டதும் கசாலி அவசரமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் போனார். வக்கீல் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர் போலப் பேசினார். பின்னணியில் நான் நின்ற அதே தெருவின் சேவல் கூவியது. சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் தாழ்ப்பாளைப் பார்த்த பிறகு வரும் சந்தேகத்துக்குக் கால் கிடையாது.

பணத்தைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம், முதலில் சங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார் கசாலி. ஒபன்லா தெரு வீட்டு உரிமையாளர் சங்கம் சனிக்கிழமைதோறும் தலைவர் வீட்டு முற்றத்தில் ஷாமியானா போட்டுக் கூடியது. மேலே பேனர், அதில் சங்கத்தின் கொள்கை: ‘சந்தேகமே பாதுகாப்பு.’ தலைவர் சீஃப் ஃபசன்மி கையில் விசிறியும் தலையில் ஒரு பக்கம் சாய்ந்த தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செயலாளர் எக்பென்யாங். சுங்கத்துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், மனிதர்களையும் பெட்டியைத் திறந்து பார்ப்பது போலவே பார்ப்பார். பொருளாளர் மேடம் அடேசுவா எல்லோருக்கும் சூடாக பஃப்பஃப் பரிமாறினார். எனக்குக் கொடுக்கவில்லை. விசாரணையில் இருப்பவருக்கு எண்ணெய்ப் பண்டம் தரக்கூடாதென்று விதி இருந்தது.

முதலில் கிறிஸ்தவப் பிரார்த்தனை, அடுத்து முஸ்லிம் பிரார்த்தனை. பிறகு எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஏதோ இறந்தவருக்கு மௌன அஞ்சலி என்று நினைத்து நானும் தலையைக் குனிந்தேன். நிமிரச் சொல்லி அதட்டினார் செயலாளர். அது ‘ஒரு நிமிடச் சந்தேகம்’. புதிதாக வருகிறவரைச் சங்கத்தார் ஒரு முழு நிமிடம் பேசாமல் உற்றுப் பார்ப்பார்கள், செயலாளர் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்வார். நாற்பதாவது வினாடியில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. எப்போதோ யாருடைய வீட்டையாவது நான் விற்றிருக்கிறேனோ என்று யோசித்தேன்.

அப்புறம் கேள்விகள். கல்யாணம் ஆகிவிட்டதா, ஆகவில்லை என்றால் ஏன். மொச்சை வேகவைப்பேனா, எத்தனை மணி நேரம். சிநேகிதிகள் எத்தனை பேர், அவர்களில் உரக்கச் சிரிப்பவர்கள் எத்தனை. நான் அறைக்குள் செத்துப்போனால் எடுத்துக்கொண்டு போக யார் வருவார்கள், அவர்களுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமா. எல்லாவற்றுக்கும் முடிந்தவரை மரியாதையாகப் பதில் சொன்னேன். கடைசியில் செயலாளர் கையை நீட்டினார்.

“முந்தைய வீட்டுக்காரர் கிட்டேருந்து நன்னடத்தைக் கடிதம்.”

இதுவரை எனக்கு வீட்டுக்காரர் என்று யாரும் இருந்ததில்லை, இதுதான் முதல் அறை என்றேன். சங்கத்தில் ஒரு சலசலப்பு. முதல் அறை என்றால் பழைய வீட்டுக்காரரிடம் கடிதம் இருக்காது, கடிதம் இல்லாதவருக்கு அறை கிடையாது. அறை கிடைக்காதவருக்கு வீட்டுக்காரர் எப்படி அமைவார் என்று நான் கேட்டேன்.

சீஃப் விசிறியை நிறுத்தினார். “அதைத்தாம்மா நாங்களும் கேக்கறோம். இருபத்தேழு வயசு வரைக்கும் ஒருத்தரும் உனக்கு வீடு கொடுக்கல. ஏன் கொடுக்கல? அத்தனை பேரும் முட்டாளா இருக்க முடியுமா?”

டோன்யேயின் வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கலாம் என்றால், நான் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்தால் டோன்யேயும் தெருவுக்கு வந்துவிடுவான்.

சங்கம் பெரிய மனது பண்ணியது. கடிதம் இல்லாவிட்டால், பொறுப்பேற்க ஒரு ஆண் வரட்டும் என்றார்கள். அடுத்த சனிக்கிழமை ஜெனரேட்டர் பழுது பார்க்கும் ஒசாரோவை எனக்கு நிச்சயிக்கப்பட்டவன் என்று சொல்லி அழைத்துப் போனேன். அதற்காக அவனுக்கு ஒரு தட்டு ஜொல்லாஃப் சோறும் ஒரு முழு மீனும் வாங்கிக் கொடுத்திருந்தேன். ஒசாரோவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். அதுவும் எந்தக் கால்பந்து அணி பிடிக்கும் என்று. அவன் சொன்ன அணி சீஃபுக்கும் பிடித்த அணி. இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். மேடம் அடேசுவா அவனுக்கு பஃப்பஃப் கொடுத்தார். முடிவில் செயலாளர் எழுந்து, பின்கட்டு அறையை இந்தத் தம்பிக்குக் கொடுப்பதில் சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அந்தப் பெண் கூட வந்து தங்கக் கூடாது என்று படித்தார்.

ஒசாரோ என்னைப் பார்க்கவில்லை. “யோசிச்சுச் சொல்றேன், சீஃப்,” என்றான்.

அவனும் அப்போது தேவாலயத்தின் நாற்காலி அறையில் படுத்துக்கொண்டிருந்தவன்தான், கோபித்துப் பயன் இல்லை. ஆனாலும் கோபித்தேன். அவன் அறையை எடுக்காததற்குக் காரணம் என்மேல் இருந்த நட்பு என்று பிறகு சொன்னான். எடுக்கக் கையில் காசில்லை என்பதை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

பத்து நாள் மிச்சம். நான் மூன்றாவது முறை போய் நின்றபோது, என் தொழில் என்ன என்று அவர்களுக்குத் தற்செயலாகத் தெரிந்தது, கையில் சிவப்பு பெயிண்ட் ஒட்டியிருந்ததால். அது ரத்தம் இல்லை என்று நிரூபிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெருவில் பன்னிரண்டு வீடு, எல்லாச் சுவரிலும் எழுத்து மங்கிப் போயிருந்தது. பன்னிரண்டையும் புதிதாக எழுதிக் கொடுத்தால் அதையே நன்னடத்தைக் கடிதமாக ஏற்றுக்கொள்வதாகத் தீர்மானம் போட்டார்கள். கூலி கிடையாது. பெயிண்டும் என்னுடையது. சங்கத்தின் பங்காக ஏணி தருவதாகச் சொன்னார்கள், அதற்கு எச்சரிக்கைப் பணம் வாங்கிக்கொண்டு.

எழுத ஆரம்பித்தேன். எழுத்து எனக்கு வரும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆறு அங்குல எழுத்து, தகட்டில் வெட்டிய அச்சை வைத்து ஓரம் பிசிறாமல் அடிப்பேன். ‘இப்படிக்கு’ வரை எல்லாம் சரியாகப் போயிற்று. அதற்குக் கீழே பெயர் போட வேண்டும். முதல் வீடு செயலாளருடையது. என்ன பெயர் போடட்டும் ஐயா என்று கேட்டேன்.

எக்பென்யாங் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். “பேரெல்லாம் எதுக்கு? ‘குடும்பத்தார்’னு போடு.”

எந்தக் குடும்பம் என்று கேட்டதற்கு, அவருக்கு அவசரமாக உள்ளே வேலை வந்துவிட்டது. மூன்றாம் எண்ணில் மேடம் அடேசுவா, ‘இப்படிக்கு, கடவுள்’ என்று எழுதச் சொன்னார். எல்லாம் அவருடையதுதானே என்றார். ஐந்தாம் எண்காரர் பெயரைச் சிறியதாக, செடிக்குப் பின்னால் வருகிற மாதிரி எழுதச் சொல்லி, எழுதிய பிறகு வந்து அதையும் கொஞ்சம் தேய்த்துவிட்டுப் போனார். இருபது வருடம் வீட்டு உரிமையாளராக இருக்கிறவர்கள் சொந்தச் சுவரில் சொந்தப் பெயரைப் போடக் கூசுவதை நான் வேறெந்தத் தெருவிலும் பார்த்ததில்லை. மற்ற இடங்களில் பட்டத்தையும் தாத்தா பெயரையும் சேர்த்துப் போடச் சொல்லி உயிரை எடுப்பார்கள்.

ஏழாம் எண்ணில் கேட்க ஆளே இல்லை. ‘இப்படிக்கு’ என்று எழுதி, கீழே ஒரு வரிக்கு இடம் விட்டு, வழக்கம்போல என் பெயரையும் போன் எண்ணையும் சிறிய எழுத்தில் போட்டேன். அது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது, சுவரைப் பார்த்து அடுத்த வேலை வரும்.

தலைவர் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை ஏணியில் நின்று அளவுக்கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவனுக்கு என் வயதுகூட இருக்காது, அரைக்கால் சட்டையும் காதில் ஒரு கருவியுமாக இருந்தான். சீஃப் ஃபசன்மி உள்ளிருந்து ஓடி வந்தார். அறுபத்தெட்டு வயது மனிதர், தொப்பி விழுந்தது தெரியாமல் அவன் முன்னால் தரையில் நெஞ்சு பட விழுந்து வணங்கினார்.

“வீட்டுக்கார ஐயா, இந்த மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கங்க. பத்தொன்பது வருஷமா உங்க அப்பா காலத்துலேருந்து இருக்கேன். இந்த வயசுல என்னை எங்க போகச் சொல்றீங்க?”

பையன் போனைப் பார்த்தபடி ஏதோ சொன்னான். சீஃப் மறுபடி விழுந்தார். நான் ஏணியில் அசையாமல் நின்றேன். பெயிண்ட் தூரிகையிலிருந்து என் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. கார் போன பிறகு அவர் எழுந்து தொப்பியைத் தட்டி வைத்துக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மறுநாள் சனிக்கிழமை. பிரார்த்தனைகள் முடிந்தன, ஒரு நிமிடச் சந்தேகம் முடிந்தது. செயலாளர் என் எழுத்தில் குறை கண்டுபிடித்து வைத்திருந்தார். ‘ஜாக்கிரதை’ ஒவ்வொரு சுவரிலும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கிறதாம், ஆகவே நன்னடத்தை நிரூபிக்கப்படவில்லை. அறை இல்லை. எனக்கு மிச்சமிருந்தது மூன்று நாள். அண்ணியின் அம்மா பஸ் டிக்கெட் எடுத்துவிட்டார். அழுவேன் என்று நினைத்தேன். வாயில் வேறொன்று வந்தது.

“சீஃப், உங்க சுவர்ல மட்டும் இன்னும் பேர் போடல. என்ன பேர் போடட்டும்?”

விசிறி நின்றது. மேடம் அடேசுவா கையிலிருந்த பஃப்பஃபைத் தட்டில் திரும்ப வைத்தார். ஷாமியானாவுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், கடிகாரம் பிடிக்காமலே அது ஒரு நிமிடத்துக்கு மேல் போனது. அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. அவர் மட்டும் இல்லை. பதினோரு பேரும். அந்தச் சங்கத்தில் வீட்டுக்கு உரிமையாளர் ஒருவர்கூட இல்லை.

சீஃப் என்னைத் தனியாக மாமரத்தடிக்கு அழைத்துப் போனார். அவர் குரலில் வெட்கம் கொஞ்சமும் இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

“இங்க பாரும்மா. உண்மையான வீட்டுக்காரன் ஹூஸ்டன்ல இருக்கான், துபாய்ல இருக்கான். அவனுக்கு இந்தத் தெருவப் பத்தி என்ன பயம்? வருஷா வருஷம் வாடகையப் பொரட்டறவனுக்குத்தான் பயம். பயப்படறவன் சேர்ந்து ஒரு சங்கம் வெச்சோம். குடித்தனக்காரர் சங்கம்னு பேர் வெச்சா எவன் மதிப்பான்? போலீஸ்காரன்கூட உக்காரச் சொல்ல மாட்டான். அதான் உரிமையாளர் சங்கம். இங்க எல்லாரையும் விசாரிச்சுத்தான் உள்ள விட்டோம். முதல் ஆள யார் விசாரிச்சாங்கன்னு மட்டும் கேட்டுடாத.”

நான் கேட்கவில்லை. அன்று மாலையே அறை என்னுடையதாகிவிட்டது. பணத்தை வக்கீலின் சார்பில் கசாலி வாங்கிக்கொண்டார், ரசீதிலும் அவரே மூக்கைப் பிடித்துக்கொண்டது போன்ற ஒரு கையெழுத்தைப் போட்டார். சங்கத்தின் விதிப்படி, சுவரில் யார் பெயர் இருக்கிறதோ அவரே அந்த வீட்டின் உறுப்பினர். ஏழாம் எண் சுவரில் ‘இப்படிக்கு’ என்பதன் கீழே என் பெயர்தான் இருந்தது. அது பெயிண்டரின் பெயர் என்று நான் விளக்கப் போனேன், செயலாளர் அதற்குள் குறிப்பேட்டில் ஏற்றிவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஷாமியானாவில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பஃப்பஃப் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, உள்ளே கொஞ்சம் ஜாதிக்காய் போட்டிருந்தார்கள்.

தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு முதல் நாள் தூங்கியதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. பதினோரு மணி நேரம் தூங்கினேன். உறுமல் இல்லை.

நான்கு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை ஒரு ஆள் வந்து நின்றான். தோளில் ஒரு பை, சட்டைக் காலர் இரண்டு முறை திருப்பித் தைத்தது. பெயர் தாவூ, ஜோஸிலிருந்து வருவதாகச் சொன்னான். எந்த அறைக்கு என்று செயலாளர் கேட்டார்.

“அறைக்கு இல்லைங்க. ஏழாம் நம்பர் எங்க அப்பா வீடு. அவர் போன வருஷம் தவறிட்டார். பத்திரம் கொண்டாந்திருக்கேன்.”

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். யாரும் கை நீட்டவில்லை. மோசடிப் பேர்வழிகளிடம்தான் பத்திரம் கச்சிதமாக இருக்கும், உண்மையான வீட்டுக்காரர்கள் எங்கே வைத்தோம் என்று தேடுவார்கள் என்றார் எக்பென்யாங். முப்பது வருட அனுபவம் பேசுகிறது என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லோரும் எழுந்தோம். கடிகாரம் பிடிக்கப்பட்டது. நானும் நின்று அவனை உற்றுப் பார்த்தேன். நாற்பதாவது வினாடியில் அவன் தன் கைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

கசாலி அன்று ஷாமியானா ஓரத்தில்தான் இருந்தார். எப்போது கிளம்பினார் என்று யாரும் பார்க்கவில்லை, மூன்று போனும் அணைந்திருந்தன.

“அந்த வீடு உன்னோடதுன்னா,” என்றார் சீஃப், “சுவர்ல உன் பேர் இருக்கணும்ல? போய்ப் படிச்சுட்டு வா.”

அவன் போய்ப் படித்துவிட்டு வந்தான். இபிசோ என்பது யார் என்று கேட்டான். பதினோரு தலையும் என் பக்கம் திரும்பின. என் வீட்டு விஷயம் என்பதால் மேற்கொண்டு விசாரணையை உறுப்பினர் இபிசோவே நடத்தலாம் என்றார் சீஃப். என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மாமரத்தடி இருந்தது.

தாவூ என்னிடம் மெதுவாகத்தான் பேசினான். “அக்கா, நீங்க உள்ள போயிருக்கீங்கல்ல? பின்கட்டுல கழிப்பறைக் கதவு பாதிதான் திறக்கும். அப்பா கொத்தனாருக்கு அளவு தப்பா சொல்லிட்டார். சின்ன வயசுல நாங்க பக்கவாட்டுலதான் போவோம். சந்தேகமா இருந்தா வந்து பாருங்க.”

பார்க்க வேண்டியதில்லை. அன்று காலைகூட நான் பக்கவாட்டில்தான் போனேன்.

“இப்போ எங்க தங்கியிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“மாமா வீட்டுக் கூடத்துல. ஃப்ரிட்ஜ் பக்கத்துல. இந்த மாசத்தோட போகச் சொல்லிட்டாங்க.”

அவன் சொல்வது அத்தனையும் உண்மை என்று அந்த ஷாமியானாவுக்குள் நிச்சயமாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் சாவி கால்சட்டைப் பையில் தொடையைக் குத்திக்கொண்டிருந்தது. செயலாளர் புதுப் பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்துகொண்டு, எனக்காகக் காத்திருந்தார்.

நான் கையை நீட்டினேன்.

“முந்தைய வீட்டுக்காரர் கிட்டேருந்து கடிதம் கொண்டாந்திருக்கீங்களா?”